புகையிலைப் படிவத்தில் ஒரு வீட்டுக்கடன்

போன மாதம் எங்கள் பழைய வங்கியின் கடன் பகுதியிலிருந்து ஓர் இளம் பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் ஒருவருடைய வீட்டுக்கடன் விண்ணப்பத்தை அவர் இரண்டு தடவை கணினியில் ஏற்றியிருக்கிறார். இரண்டு தடவையும் அது திரும்பி வந்துவிட்டது. காரணம் கேட்டால் ‘தொழில் நிரந்தரமற்றது’ என்று மட்டும் காட்டுகிறதாம். கிளையில் பழையவர் யாரோ ஒருவர், யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் முந்தி இப்படிப்பட்டவர்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள், சிற்றம்பலத்தாரைக் கேட்டால் தெரியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் பாதிக் கதையைச் சொன்னேன். மீதியை எழுதித் தரும்படி கேட்டுவிட்டுப் போனார். எழுதுகிறேன். அவருடைய கணினி இதை வாசிக்குமோ தெரியாது.

நான் நயினாதீவுக்காரன். ஐம்பதுகளின் நடுவில் வங்கியில் கணக்கெழுதும் லிகிதராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று கொழும்பில் இரண்டு வருடம் நீள நீளமான எண் பத்திகளைக் கூட்டினேன். கூட்டியது சரியோ என்று கீழிருந்து மேலாக இன்னொரு தடவை கூட்டினேன். பிறகு தெற்கில் மூன்று ஊர்கள். அங்கெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டால், என் கையெழுத்து அழகானது என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டு வாங்கிய மாற்றத்தில் ஊர்காவற்றுறைக் கிளைக்கு வந்து சேர்ந்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது. கிளைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். சனிக்கிழமைகளில் வள்ளம் ஏறி வீட்டுக்குப் போவேன்.

கிளையில் எனக்குக் கிடைத்தது காணி ஈட்டின் மேல் கடன் கொடுக்கும் பகுதி. ஒருவர் தன் காணியையோ வீட்டையோ வங்கிக்கு ஈடு வைத்துக் கடன் கேட்டால், முதலில் அந்தக் காணியின் உறுதிப் பத்திரத்தையும் அதற்கு முந்திய உறுதிகளையும் முப்பது வருடத்துக்குப் பின்னோக்கி வாங்கி, வரிசைப்படி அடுக்கி, நூலால் கட்டி வைப்பேன். யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவுக் கந்தோருக்குப் போய், வேறு யாருக்காவது அதில் உரிமை உண்டோ என்று புத்தகம் புரட்டுவேன். நில அளவையாளர் கீறிய படத்தை வாங்கிக்கொண்டு, சைக்கிளில் காணிக்கே போவேன். எல்லையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்க்க வேண்டும். நாலு பக்கத்துக் காணிக்காரரின் பெயர்களையும் அயலில் விசாரிக்க வேண்டும். அவை உறுதியில் உள்ள பெயர்களோடு ஒத்துவர வேண்டும். கடைசியாக, வளவுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, குடித்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலை விதிப்புத்தகத்தில் இல்லை. அது மனேச்சர் தேவராசா கொண்டு வந்தது.

தேவராசா எழுபதுகளின் தொடக்கத்தில் கிளைக்கு வந்தார். என்னைவிட ஏழு வயது இளையவர். கந்தோருக்குள் என்னை ‘மிஸ்டர் சிற்றம்பலம்’ என்பார். வாசல் படியைத் தாண்டினால் ‘அண்ணை’. பேசிக்கொண்டே படி இறங்கும்போது, ஒரே வசனத்தின் முற்பாதியில் மிஸ்டராகவும் பிற்பாதியில் அண்ணையாகவும் நான் இருந்ததுண்டு. கோப்புகளை அவர் கதிரையில் இருந்து வாசித்ததை நான் கண்டதில்லை. அலுமாரியில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றபடி முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை வாசிப்பார். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் இருப்பார். ‘மறுக்கப்பட்டது’ என்ற சொல்லை எந்தக் கோப்பிலும் எழுதமாட்டார். என்ன குறைகிறது என்பதைத்தான் எழுதுவார். அதைக் கொண்டுவந்தால் மறுபடி பார்ப்பதாகவும் எழுதுவார். வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வேலை கூடிக்கொண்டே போனது.

அவர் வந்த புதிதில் நெடுந்தீவில் ஒரு காணியைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதினேன். வடக்கும் தெற்கும் கல்வேலி, மேற்கு ஒழுங்கை, கிழக்கு கடல். தேவராசா அலுமாரியில் சாய்ந்து நின்று வாசித்தார்.

“மிஸ்டர் சிற்றம்பலம், கிழக்கு கடல் எண்டு எழுதியிருக்கிறியள். நீங்கள் பார்த்தது வற்றிலையோ, பெருக்கிலையோ?”

நான் பார்த்தது தண்ணீர் வற்றியிருந்த நேரம். அடுத்த கிழமை மறுபடி வள்ளம் ஏறினேன். காணிக்காரரும் நானும் ஒரு பூவரச மரத்தின் கீழ் மூன்று மணித்தியாலம் இருந்து, கடல் பெருகி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறத்தாழ ஒரு பரப்புக் காணி தண்ணீருக்குள் போனது. காணிக்காரர் கோபிக்கவில்லை. இத்தனை நாளும் கடலுக்கும் ஒரு பங்கு கொடுத்துக்கொண்டிருந்தது தனக்கே தெரியாது என்று சிரித்தார். அந்தப் பரப்பைக் கழித்துக் கடன் கொடுத்தோம்.

கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். எங்கள் தீவுகளில் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வளவுக்கு ஒரு விலை, உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் வளவுக்கு வேறு விலை. எவ்வளவு பெரிய வீடென்றாலும் “குடிச்சுப் பார்த்தனீங்களோ?” என்றுதான் தேவராசா முதலில் கேட்பார். ஆறு தீவுகளின் தண்ணீரும் என் நாக்குக்குத் தெரியும் என்று கிளையில் பகிடி பண்ணுவார்கள்.

இனி, வங்கியிலிருந்து வந்த அந்தப் பிள்ளை கேட்ட கதை.

யாழ்ப்பாணத்தில் உயர்கல்வி வளாகம் ஒன்று தொடங்கி நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஓர் ஆவணி மாதம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். பெயர் யோகேஸ்வரி. அந்த வளாகத்தில் தாவரவியல் படிப்பிக்கும் தற்காலிக உதவி விரிவுரையாளர். ஊரில் எல்லாரும் ரீச்சர் என்பார்கள். புங்குடுதீவில் தாயுடன் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். விடியற்காலை குறிகட்டுவானிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்துப் பட்டணம் போய், பின்னேரம் அதே பஸ்ஸில் திரும்புவார்.

வாடகை வீட்டின் சொந்தக்காரர் தெற்கில் கடை வைத்திருந்தவர். அங்கு நடந்த இனக் குழப்பத்தில் கடை போய், குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்தார். அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. ரீச்சரை எழுப்பிவிட மனமும் இல்லை. ஆகவே முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் இவர்கள், நடுவில் ஒரு குசினி, மொத்தம் பதினொரு பேர். காலையில் பஸ்ஸுக்கு ஓட வேண்டிய ரீச்சர் முகம் கழுவக் கிணற்றடியில் ஆறாவது ஆளாக நிற்க வேண்டியிருந்ததாம். தைப்பொங்கலுக்குள் வேறு இடம் பார்ப்பதாக அவரே வாக்குக் கொடுத்திருந்தார்.

அதே ஊரில் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு சின்னக் கல்வீடு விலைக்கு வந்தது. ஓட்டுக்கூரை, மூன்று அறை, நல்ல தண்ணீர்க் கிணறு. விற்பவர்கள் மகளோடு போய் இருக்கப்போகும் வயதான தம்பதி. கப்பலில் வேலை செய்யும் ஒருவர் முழுக்காசையும் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்த அம்மாவுக்கு ரீச்சரில் ஒரு பிடிப்பு. தை பிறக்கும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

நான் வீட்டுக்கடன் படிவத்தை எடுத்தேன். நாலாவது கேள்வி: ‘தொழில் நிரந்தரமானதா? ஆம் / இல்லை.’ இல்லை என்றால் அதற்குக் கீழே நிரப்புவதற்கு ஒன்றுமே கிடையாது. அப்படியே அவரிடம் சொன்னேன். நிரந்தர நியமனம் வந்த பிறகு வாருங்கள் என்றும் ஆறுதலாகச் சொன்னேன். அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் வரும்வரை வாசல் வாங்கில் போய் இருந்தார்.

வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வேலணையிலிருந்து வந்த புகையிலைத் தோட்டக்காரர். வீட்டுக்கு மேலும் இரண்டு அறை இறக்கிக் கட்டுவதற்கு அவருக்குக் கடன் கிடைத்திருந்தது. அன்றைக்குத்தான் கையெழுத்து வைக்க வந்திருந்தார். இருவரும் கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ரீச்சர் எழும்பி மறுபடி என் மேசைக்கு வந்தார்.

“அண்ணை, உவருக்கு ஆர் நியமனக் கடிதம் குடுத்தது?”

வாங்கில் இருந்த தோட்டக்காரரைக் கையால் காட்டினார்.

“உவருக்கு வருசத்தில ரெண்டு தரம்தான் காசு வருமாம். மழை பிழைச்சால் அதுவும் இல்லையாம். நிரந்தரமோ எண்டு உவரை ஒருத்தரும் கேக்கேல்லையாம். எனக்கு மாதம் மாதம் வருது. ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஒரு கிழமை வராது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கை விளங்கப்படுத்துவது போலத்தான் சொன்னார். ஆனால் சின்னக் கந்தோர். தேவராசா தன் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இதுவரை கிடைத்த நியமனக் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றனவா?

அடுத்த நாள் ரீச்சர் ஒரு பிஸ்கற் ரின்னில் ஒன்பது கடிதங்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்கு. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க ஐந்து நாள், ஏழு நாள், ஒருமுறை பதினொரு நாள் என்று இடைவெளி. அந்த இடைவெளி தற்செயல் அல்ல. இடையில் சேவை அறுந்துவிட்டால், தொடர்ந்து வேலை செய்தேன் என்று பிறகு யாரும் உரிமை கேட்க முடியாது. தேவராசா கடிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பி, இடைவெளி நாட்களை என்னை எண்ணச் சொன்னார். நாலரை வருடத்தில் எட்டு இடைவெளி, அறுபத்தொரு நாள். கீழிருந்து மேலாகவும் ஒருதரம் எண்ணினேன். பயிற்சி அதற்காவது உதவியது.

தோட்டக்காரர்களுக்கும் கடற்தொழிலாளர்களுக்கும் எங்களிடம் தனிப் படிவம் ஒன்று இருந்தது. ‘பருவ வருமானக்காரருக்கான ஈட்டுக்கடன்’ என்று பெயர். நாங்கள் புகையிலைப் படிவம் என்போம். மாதச் சம்பளம் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. வருடத்தில் எத்தனை போகம், எந்த மாதங்களில் வருமானம் இல்லை என்றுதான் கேட்கும். திருப்பிக் கட்டுவதும் வருடத்தில் இரண்டு தடவை. தேவராசா என் மேசை லாச்சியைத் திறந்து அதில் ஒன்றை எடுத்தார்.

“மிஸ்டர் சிற்றம்பலம், இதில ஒரு பொய்யும் எழுதக் கூடாது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ.”

எழுதினேன். பயிர்: இல்லை, கற்பித்தல். வருடத்தில் போகம்: இரண்டு. வருமானம் இல்லாத காலம்: வருடத்தில் ஏறத்தாழ இரண்டு கிழமை. அதே படிவத்தில் வேலணைத் தோட்டக்காரருக்கு நாங்கள் எழுதியிருந்தது, வருடத்தில் ஏழு மாதம்.

வீட்டைப் பார்க்கச் சைக்கிளில் போனேன். எல்லை சரி, அயலவர் பெயர்கள் சரி. அவ்வளவு உடைந்த கல்லும் முள்ளும் நிறைந்த ஊரில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. இரண்டு வாளி குடித்தேன். அறிக்கையில் ஒரு வாளி என்று எழுதினேன்.

கோப்பு கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போய், ஐப்பசியில் திரும்பி வந்தது. கோபமான கடிதம் அல்ல, நியாயமான கடிதம்தான். தோட்டக்காரர் அடுத்த பருவத்துக்கும் அதே காணியில்தான் பயிரிடுவார் என்று ஊர்த் தலைவரான விதானையார் உறுதிப்படுத்துகிறார். இந்த விண்ணப்பதாரர் அடுத்த ஆறு மாதத்துக்கும் அதே வேலைக்குத் திரும்புவார் என்று யார் உறுதிப்படுத்துகிறார்கள்?

தேவராசா எந்தக் கடிதத்துக்கும் வந்த அன்றைக்கே பதில் எழுதமாட்டார். இரண்டு நாள் கழித்து, வளாகத்துக்குப் போய் ஒரு கடிதம் கேட்டு வரும்படி என்னை அனுப்பினார். அங்கே நிர்வாகக் கந்தோரில் இருந்த தலைமை லிகிதர் நல்ல மனிதர். கதிரை தந்தார், தேத்தண்ணி எடுப்பித்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“அவவுக்கு அடுத்த கடிதமும் குடுப்பம் எண்டு எழுதித் தர ஏலாது, தம்பி. அப்பிடி எழுதினால் அவ நிரந்தரம் எண்டு நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. ஒப்புக்கொள்ளாமல் இருக்கத்தானே இவ்வளவு பாடும்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. மழையும் பிடித்துக்கொண்டது. குடையை விரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாசல் காவலாளி, வெளியே போகும் நேரத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், பெயர் பொன்னுத்துரை. ஊர்காவற்றுறை வங்கி என்று நான் எழுதியதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. யோகேஸ்வரி ரீச்சரின் வீட்டு விஷயமோ என்று கேட்டார். காலையும் மாலையும் வாசலில் காண்பதால் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

“திரும்பி வருவாவோ எண்டோ கேக்கினம்? அவ எப்ப தம்பி போனவ? கடிதம் இல்லாத நாளிலையும் வந்து இந்தப் புத்தகத்திலதானே கையெழுத்து வைக்கிறவ.”

குடையை மடக்கினேன். பழைய பதிவுப் புத்தகங்களைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். காவல் அறையின் தட்டில் வருடவாரியாக அடுக்கி வைத்திருந்தார். எட்டு இடைவெளிகளின் திகதிகளும் என் பையில் இருந்தன. அந்தச் சின்ன அறைக்குள், அவர் வாசிக்க நான் குறித்தேன். வளாகம் பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கினால், ஒவ்வொரு இடைவெளி நாளிலும் காலை எட்டு மணியை ஒட்டி அவருடைய கையெழுத்து இருந்தது. ஒரே ஒரு நாள் இல்லை. பார்த்தால் அன்று எங்கள் ஊர் நயினை அம்மன் தேர். அன்றைக்கு நானும் வேலைக்குப் போயிருக்கமாட்டேன்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் ரீச்சரைக் கண்டபோது, சம்பளம் இல்லாத நாட்களில் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். செய்முறை வகுப்புக்கு வேண்டிய செடிகளை முன்கூட்டியே முளைக்க வைத்துத் தண்ணீர் விட வேண்டும், ஒரு கிழமை விட்டால் எல்லாம் கருகிவிடும் என்றார். பஸ் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியது. பிறகு, “பயமும்தான் அண்ணை. ஒரு கிழமை கதிரை வெறுமையாக் கிடந்தால், வேறை ஆரும் வந்து இருந்திடுவினமோ எண்டு,” என்றார்.

அடுத்த நாள் தேவராசாவிடம் பட்டியலைக் கொடுத்தேன். அவர் நின்றபடி இரண்டு தடவை வாசித்தார். பிறகு கதிரையில் இருந்தார். கையெழுத்துப் போட ஒன்றும் இல்லாமலே அவர் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

வாசல் புத்தகத்தின் பிரதிகள் சரியானவை என்று உறுதிப்படுத்த அந்தத் தலைமை லிகிதர் தயங்கவில்லை. அது வெறும் வாசல் புத்தகம், அதற்கு எதிராக எந்த விதியும் இல்லை என்று அவரே சந்தோஷமாக முத்திரை குத்தித் தந்தார். தேவராசா கொழும்புக்கு எழுதிய கடிதம் ஒரு பக்கம் வராது. அதில் ஒரு வசனத்தை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்: ‘இவருடைய வேலை ஒருநாளும் அறுந்ததில்லை, சம்பளம்தான் இடையிடையே அறுந்திருக்கிறது.’

மார்கழியில் அனுமதி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. நிரந்தர உத்தியோகத்தில் உள்ள இருவர் பிணை நிற்க வேண்டும்.

ஒருவர் கிடைத்தார், ரீச்சரின் ஒன்றுவிட்ட தமையன், பாடசாலை ஆசிரியர். இரண்டாமவருக்குத்தான் அலைச்சல். வளாகத்தில் நிரந்தரமான விரிவுரையாளர்கள் நாலைந்து பேரைக் கேட்டார். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஒருவர் ஏற்கெனவே இரண்டு பேருக்குப் பிணை. இன்னொருவர் வெளிநாடு போகிறார். மற்றொருவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவர், பிறகு மற்ற வாசலால் போகத் தொடங்கிவிட்டார். தை பிறக்கப் பத்து நாள் இருந்தது. கப்பல்காரர் வேறு, மறுபடி அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். விற்பவர்கள் ரீச்சருக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள்.

ஒரு காலை, கந்தோர் திறந்ததும் பொன்னுத்துரையர் வந்து நின்றார். வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கையில் ஒரு துணிப்பை. முந்திய பின்னேரம் ரீச்சர் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும்போது விஷயத்தை வாயைக் கிண்டி அறிந்திருக்கிறார். விடிய முதல் பஸ்ஸில் தானாகவே வந்துவிட்டார். துணிப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து என் மேசையில் விரித்தார். முன்பு ஓர் அரசாங்கக் கந்தோரில் காவலாளியாக இருந்தபோது அவரை நிரந்தரமாக்கிய கடிதம் அது; அந்த நிரந்தரத்தோடுதான் வளாகத்துக்கு மாறி வந்திருந்தார்.

“நான் நிரந்தரம், தம்பி. எனக்கு ஏலுமோ எண்டு பாருங்கோ.”

விதிப்புத்தகத்தைப் பார்த்தேன். நிரந்தர உத்தியோகம் வேண்டும் என்று இருந்தது. என்ன உத்தியோகம் என்று இல்லை. தானும் பட்டம் பெற்று, வளாகத்தில் பட்டம் பெறுபவர்களுக்குப் படிப்பிக்கும் ரீச்சருடைய ஒன்பது கடிதங்களால் ஆகாதது, வாசலில் நிற்பவருடைய ஒரு கடிதத்தால் ஆகும் என்று எங்கள் விதி சொன்னது. தேவராசா வெளியே வந்து அந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை வாசித்தார். ரீச்சர் கட்டாமல் விட்டால் வங்கி உங்கள் சம்பளத்தில் கை வைக்கும், வீட்டில் கதைத்தீர்களா என்று கேட்டார். மனைவிதான் வேட்டியை எடுத்துத் தந்தவர் என்றார் பொன்னுத்துரையர்.

பொங்கலுக்கு நாலு நாள் முந்தி, உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டில் இரண்டு உறுதிகளும் முடிந்தன. முதலில் வீட்டை ரீச்சருக்கு விற்கும் உறுதி. மை காய்ந்ததும் அதே வீட்டை வங்கிக்கு ஈடு வைக்கும் உறுதி. நொத்தாரிசு உறுதியை உரத்து வாசித்து, ‘விவாகமாகாதவர்’ என்ற இடத்தில் நிறுத்தி, சரிதானே என்று கேட்டார். கலியாணம் முடித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ரீச்சர் கேட்டார். எங்கள் தேசவழமைச் சட்டத்தில் கணவனும் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று நொத்தாரிசு விளங்கப்படுத்தினார்.

“அப்ப இண்டைக்கு ஒரு கையெழுத்து மிச்சம்,” என்றார் ரீச்சர். பொன்னுத்துரையர் சிரித்த சிரிப்பில் அவருடைய கையெழுத்து வரியை விட்டு மேலே ஏறிவிட்டது. அது இன்னமும் அந்த உறுதியில் அப்படித்தான் இருக்கும்.

தையில் புது வீட்டுக்குக் குடிபூரல். பால் பொங்கியது. பழைய வீட்டு முன்பக்கத்துக் கடைக்காரர் குடும்பம் முழுவதும் வந்து நின்று வேலை செய்தது. பொன்னுத்துரையரை நடுக் கதிரையில் இருத்தினார்கள். அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே இருந்தார்.

கடன் என்ன ஆனது என்று அந்தப் பிள்ளை கேட்பார். ஆகவே சொல்லிவிடுகிறேன். ஒரு தவணையும் தவறவில்லை. பிணையாளிகள் இருவரையும் நாங்கள் ஒருநாளும் தேட வேண்டி வரவில்லை. அந்த வருடமே வளாகத்திலிருந்து இன்னும் மூன்று பேர் புகையிலைக் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வந்தார்கள். மூவருக்கும் வாசல் புத்தகத்தைப் பார்த்தே எழுதினேன். ரீச்சருக்கு அதற்கு அடுத்த வருடம் நிரந்தர நியமனம் வந்தது. அது எப்படி வந்தது என்பதன் தொடக்கத்தை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கடன் கொடுத்து மூன்று மாதத்துக்குள் வீட்டில் ஆள் குடியிருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, ரீச்சர் ஏணியில் ஏறி நின்று முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பழைய சேலை, தலையில் துவாய், கை முழுவதும் வெள்ளை. தாய் கீழே நின்று வாளியைப் பிடித்திருந்தார். நான் சைக்கிளை நிறுத்தும்போது வாசல் படலையடியில் இன்னொருவரும் வந்து நின்றார். காற்சட்டை, சப்பாத்து, வியர்வை. பஸ்ஸால் இறங்கி விசாரித்து விசாரித்து நடந்து வந்திருந்தார். ரீச்சருடைய பகுதித் தலைவர், பேராசிரியர்.

திங்கட்கிழமை செய்முறை வகுப்பு இருக்கிறது, ஒரு செடிகூட முளைக்க வைக்கவில்லை, ஒரு கிழமையாக உம்மை வளாகத்தில் காணவில்லை, சுகமில்லையோ என்று நினைத்தேன் என்றார். உண்மையில் கவலைப்பட்டுத்தான் வந்திருந்தார்.

ரீச்சர் ஏணியிலிருந்து இறங்கினார். கையைத் துவாயில் துடைத்தார்.

“சுகமாத்தான் இருக்கிறன், சேர். என்ரை கடிதம் போன கிழமையோட முடிஞ்சுது. அடுத்தது பன்னிரண்டாம் திகதியில இருந்து எண்டு போட்டிருக்கு. பன்னிரண்டாம் திகதி எட்டு மணிக்கு நான் அங்கை நிப்பன்.”

“முந்தியெல்லாம் கடிதம் இல்லாமலும் வருவீரே?”

“ஓம் சேர். வந்தனான்.”

பேராசிரியர் சுவரைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். தாய் கொண்டுவந்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார். அந்தச் செய்முறை வகுப்பு நடக்கவில்லை என்றும், அது ஏன் நடக்கவில்லை என்று மேலிடம் கேட்க, அவர் ஒளிக்காமல் எழுதினார் என்றும், நிரந்தரப் பதவிகளுக்கான பேச்சு அதிலிருந்துதான் தொடங்கியது என்றும் பிறகு அறிந்தேன்.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. இந்தக் கடன் நின்றதே அவருடைய வேலை அறுந்ததில்லை என்ற ஒரு வசனத்தில். அந்த வசனத்தை அவர் இப்போது ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார். திங்கட்கிழமை கந்தோர் திறந்ததும் தேவராசாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சம்பளம் இல்லாத நாட்களில் ரீச்சர் இனி வளாகத்துக்குப் போகமாட்டார் போலிருக்கிறது, கோப்பில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

தேவராசா அலுமாரியில் சாய்ந்து நின்று, என் பார்வையிடல் அறிக்கையை வழக்கம்போல முதல் வரியிலிருந்து வாசித்தார்.

“முன்சுவர் முழுக்க அடிச்சு முடிச்சிட்டாவோ?”

பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, மிச்சத்தை அன்று பின்னேரத்துக்குள் முடித்திருப்பார் என்றேன்.

“அப்ப ஈட்டின்ரை பெறுமதி கூடியிருக்கு எண்டு எழுதுங்கோ, மிஸ்டர் சிற்றம்பலம்.”

அப்படியே எழுதினேன்.